இருபத்து மூன்றாவது ஆளின் ஸ்வெட்டர்

சோனியா ஸ்வெட்டரின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அதன் நுனியில் தீக்குச்சியைக் காட்டினாள். இழை சுருண்டு கருகியது. சின்ன அறை முழுக்க மயிர் பொசுங்கும் நாற்றம் பரவியது.

"அசல் கம்பளி மாமா!" என்று சந்தோஷமாகத் திரும்பினாள். "நூறு உருப்படில ஒண்ணு கெடைச்சா பெருசு. அதுவும் கையால பின்னுனது. இத்தப் போயி குப்பையில போட இருந்தாங்களாம், பாரேன்."

நைட் ஷிப்ட் முடித்து வந்து டீத் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஸ்டீபன் மூக்கைப் பொத்தினான். தம்ளரைத் தரையில் வைத்தான். எழுந்து பின்பக்கக் குழாயடிக்கு ஓடி, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான்.

"இன்னாச்சு மாமா? கேன்டீன்ல இன்னாத்தத் துன்ன?"

"ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல டீ குடிச்சேன்ல, அதான்." முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். சோனியா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அவள் கையிலும் அந்த நாற்றம் இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலை ஓரத்தில் அவர்களுடைய வாடகை வீடு. முன்னறைதான் சோனியாவின் கடை. சென்னையிலிருந்து பழைய ஸ்வெட்டர்களை மூட்டையாக வாங்கி, வெட்டி, புதிதாகத் தைத்து விற்பாள். கைக்குழந்தைகளுக்குக் குல்லா, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை, பனியில் பைக் ஓட்டிக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போகிற ஆண்களுக்கு நெஞ்சை மூடுகிற கையில்லாத ஜாக்கெட். டிசம்பர் பிறந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

மூட்டை வந்ததும் அவள் முதலில் செய்வது நூலைக் கொளுத்திப் பார்ப்பதுதான். உருகி மணியாகத் திரண்டால் நைலான் சாதி. ஓரத்தில் நாடா வைத்துத் தைத்த பிறகே கத்தரிக்கோல் போட வேண்டும். மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. அதைக் கொதிநீரில் அலசி எடுத்தால் சுருங்கி, இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு எப்படி வெட்டினாலும் பிரியாது.

ஆனால் இந்த மூட்டை சென்னையிலிருந்து வரவில்லை. மூன்று நாளைக்கு முன்பு ஸ்டீபனே கொண்டுவந்து போட்டது. அவன் ஓர் இரும்புக்கம்பி மில்லில் காண்ட்ராக்டர் பரசுராமனிடம் சூப்பர்வைசர். மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வடமாநிலத்து ஆட்கள் தங்கியிருந்தார்கள். கொட்டகையைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற அன்பு, "ஊருக்குப் போனவனுங்க வுட்டுட்டுப் போன துணி அண்ணே. அண்ணிக்கு ஆவும்னா எடுத்துக்கினு போ" என்று வாயைக் கட்டிய மூட்டையாகத் தூக்கிப் பைக்கில் வைத்தான். ஸ்டீபன் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மூட்டையில்தான் இந்த ஸ்வெட்டர் கிடைத்தது. அரக்கு நிறம். நெஞ்சின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் வரிசையாக நீல நிறத்தில் சாய்சதுரக் கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் மஞ்சள். பின்னியவளுக்கு நீல நூல் தீர்ந்துபோயிருக்கும் என்று சோனியா நினைத்தாள். கடைக்கு ஓடிப் பார்த்து, கிடைக்காமல், கையிலிருந்த மஞ்சளைப் போட்டு முடித்திருப்பாள். எந்த ஊர்ப் பெண்ணோ. அந்த மஞ்சள் கட்டத்தை விரலால் தடவியபோது சோனியாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் போலவே ஒருத்தி என்று தோன்றியது.

இதை விற்கக் கூடாது, ஸ்டீபனுக்கே தைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

கொதிநீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பட்டை நடு நெஞ்சில் வரும்படி வெட்டினாள். முதுகுக்குக் கருநீல ஸ்வெட்டர் ஒன்று, உள்ளே மெல்லிய பருத்தி. அவள் கழுத்துப்பட்டியை ஊசியால் கையில் தைத்துக்கொண்டிருந்தபோது, பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிற பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி, இதுக்கு மட்டும் கைத்தையலு? நான் கேட்டதுக்கு மிஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டிக் குடுத்த?"

"இது என் புருஷனுக்குக்கா."

"அதானே பாத்தேன். ஒம்போது வருசம் ஆச்சு, இன்னும் புதுப்பொண்ணு மாரியே இளிச்சிக்கினு தைக்கிற. என் ஊட்டுக்காரனுக்குத் தச்சா, அத்தப் போட்டுக்கினு நேரா ஒயின் ஷாப்புக்குத்தான் போவான்."

இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டீபனுக்குக் காலை ஷிப்ட். விடியற்காலைப் பனியில் தெருவிளக்குகள் மங்கித் தெரிந்தன. அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சோனியா பின்னாலிருந்து ஜாக்கெட்டை அவன் தோளில் போட்டாள்.

"பனி நெஞ்சுக்குள்ள எறங்காது மாமா. கையக் குடு."

அவன் குனிந்து பார்த்தான். மஞ்சள் கட்டத்தில் அவன் பார்வை நின்றது. தீ பட்டவன் போல உதறினான். ஜாக்கெட் ஈரத்தரையில் விழுந்தது.

"இத்த யாரு உன்ன எடுக்கச் சொன்னது?"

"நீதானே கொணாந்து போட்ட?"

"இது என் கண்ணுல படக்கூடாது. கொளுத்திடு. வாணாம், கொளுத்தாத... எங்கனா தூக்கிப் போடு."

"அடுத்தவன் போட்ட துணின்னு கூசுதா? இத்தத் தச்சித்தான் நம்ம பிரின்சிக்கு ஸ்கூல் பீஸ் கட்டுறேன்."

அவன் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். மெல்லிய சட்டையோடு பனிக்குள் அவன் மறைவதைப் பார்த்தபடி சோனியா நின்றாள். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. மூன்று நாள் ஊசி பிடித்த விரல் வலித்தது.

அந்த வாரம் முழுக்க அவன் வேறு ஆளாக இருந்தான். சாப்பிடும்போது உதடு அசையும், எதையோ எண்ணுவதுபோல. மகள் பேசினால் காதில் விழாது. யாராவது இந்தியில் பேசிக்கொண்டு தெருவில் போனால் சட்டென்று நிமிர்வான். "வேற சகவாசம் எதுனா கீதா, விசாரி" என்று கிறிஸ்டினா காதைக் கடித்தாள். சோனியாவுக்கும் அழுகை அழுகையாக வந்தது. ஜாக்கெட்டைத் துவைத்துக் காயவைத்து, கடை வாசல் ஆணியில் விற்பனைக்கு மாட்டிவிட்டாள். வேண்டாதவனுக்காக அதை ஏன் பெட்டியில் வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறந்தாள். பிரின்சி ஞாயிறு வகுப்பில் இருந்தாள். ஸ்டீபன் உள்ளறையில் படுத்திருந்தான். வெளியே ஓர் ஆள் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் நீலச் சட்டை. கையில் போன். அவன் எதுவும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, சைஸ் பாக்கணுமா?"

அவன் மெதுவாகக் கையை நீட்டி மஞ்சள் கட்டத்தைத் தொட்டான்.

"அக்கா, இது எங்க கெடச்சது?"

"பழைய ஸ்வெட்டர்ல தச்சதுண்ணா. ஏன்?"

"இது என் தம்பி ஸ்வெட்டர்." அவன் தமிழ் தடுமாறியது, குரல் அதைவிடத் தடுமாறியது. "தம்பி பொண்டாட்டி போட்டது. ப்ளூ நூல் தீந்து போச்சு, மஞ்சள் போட்டா. ஊட்ல எல்லாரும் சிரிச்சோம்."

போனைத் திருப்பிக் காட்டினான். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், ரயில் நிலையத்தில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அரக்கு ஸ்வெட்டர். வெள்ளைப் பட்டை. கடைசியில் ஒரு மஞ்சள் கட்டம்.

வந்தவன் பெயர் திலீப் ஓராவ். ஜார்க்கண்ட்காரன். தம்பி மனோஜ் இங்கே கம்பி மில்லுக்கு வேலைக்கு வந்து எட்டாம் நாளிலிருந்து போன் இல்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. காண்ட்ராக்டரைக் கேட்டால், அப்படி ஓர் ஆளே வேலைக்கு இல்லை என்கிறான்; இன்னொரு தடவை கேட்டால், ஓடிப்போய்விட்டான் என்கிறான். திலீப் ஒவ்வொரு ஞாயிறும் வந்து இந்தப் பக்கமெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"இரு அண்ணா. என் ஊட்டுக்காரருதான் இத்தக் கொணாந்தாரு. அவருக்குத் தெரியும், கூப்புடுறேன்" என்று சோனியா உள்ளே ஓடினாள்.

ஸ்டீபன் படுத்திருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தரையில் குந்தி, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"நான் இல்லைன்னு சொல்லு" என்றான், மூச்சுக் குரலில்.

ஒன்பது வருடமாக அவள் அறிந்த முகம் அது இல்லை. எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவரு டூட்டிக்குப் போய்க்கீறாருண்ணா. நான் மறந்துட்டேன்."

திலீப் அவள் முகத்தைப் பார்த்தான். நம்பினானா இல்லையா தெரியவில்லை. தன் போன் நம்பரை அவளுடைய அளவு நோட்டில் எழுதினான். "அக்கா, இத நான் எடுத்துக்கவா? அவ பாக்கணும். வீடியோ கால்ல காட்டறேன்" என்றான். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை மார்போடு அணைத்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"சொல்லு மாமா."

அவன் சொன்னான்.

"கம்பி இழுக்குற ரோலிங் மிஷின்ல ஓடிக்கினு இருந்த கம்பி எகிறிடுச்சு. செவசெவன்னு இருந்த கம்பி. அவன் இடுப்புல சுத்திச்சு. அந்த நாத்தம்... நீ அன்னிக்கு நூலக் கொளுத்துனியே, அதே நாத்தம். பரசுராமன் அண்ணன் வந்து பாத்தாரு. பேரு ரிஜிஸ்டர்ல ஏத்தல, இன்ஷூரன்ஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், மில்லுல காண்ட்ராக்ட் போய்டும்னாரு. யாரோ ஒரு கம்பவுண்டர வச்சி மருந்து தடவுனாங்க. மறுநாள் வேன்ல ஏத்தி, 'இவன வடக்க போற ரயில்ல ஏத்தி வுட்டுட்டு வா. அவன் ஊர்ல போய் வைத்தியம் பாத்துப்பான்'னு எங்கிட்ட வுட்டாரு."

"நீ ஏத்துன?"

"ஏத்துனேன். அவனுக்குக் குளிரு. அவ்ளோ எரிஞ்சும் ஒடம்பு குளிருல நடுங்கிச்சு. 'ஸ்வெட்டர் சார், ஸ்வெட்டர்'னு கேட்டுக்கினே இருந்தான். தெனமும் காலைல அந்த மஞ்சக் கட்டம் போட்டத மாட்டிக்கினுதான் வருவான். ஷெட்ல கீது, அனுப்பி வைக்கிறேன்னு சொன்னேன். ரயிலு போய்டுச்சு."

"அப்பறம்?" என்றாள் சோனியா.

"ஊருக்குப் போயிருப்பான், போயிருப்பான்னு தெனமும் சொல்லிக்கினேன். போன் போட்டா ஸ்விட்ச் ஆப். ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப ஆளுங்கள நிக்க வச்சி எண்ணுவேன். இருபத்திரண்டு பேரு. எனக்கு இருபத்து மூணு வருது சோனியா. மறுபடி எண்ணுனாலும் இருபத்து மூணு. கடைசில ஒருத்தன் கைய மடக்கிக் கட்டிக்கினு, நடுங்கிக்கினே நிக்கிறான். முகத்தப் பாத்தா யாரும் இல்ல."

வெளியே ஒரு லாரி போனது.

"உங்கப்பா கதைய எங்கிட்ட சொன்னியே, ஞாபகம் கீதா?" என்று சோனியா கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். ஸ்டீபனின் அப்பா தாவீது ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல்களில் கூலிக்குப் போனவர். கதிரடிக்கும் மிஷினில் அவர் கை போயிற்று. நிலத்துக்காரர், "இவன் இன்னிக்கு எங்கிட்ட வேலைக்கே வரலியே" என்று சொல்லி, டிராக்டரில் போட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கை அழுகி, காய்ச்சலில் அவர் இறந்தபோது ஸ்டீபனுக்குப் பதினொரு வயது. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி அவள் மடியில் முகம் வைத்து அழுதிருக்கிறான்.

"அந்த ஆளு உங்கப்பாவ ஊட்டு வாசல்லயாவது எறக்கி வுட்டான் மாமா. நீ அதுகூடச் செய்யல."

ஸ்டீபன் குரல் எழும்பாமல் அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"வேல போய்டும்" என்றான். "கேஸு வரும். நான்தானே ஏத்துனேன். பிரின்சிய நெனச்சிப் பாத்தியா?"

"பாத்தேன். அங்கயும் ஒருத்தி போனப் பாத்துக்கினு உக்காந்துருக்கா. இப்ப நானும் ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்துட்டேன் மாமா. அவன் முகத்தப் பாத்து சொன்னேன். உள்ள வரவே கால் கூசுச்சு. நீ ஒரு மாசமா எப்டி இருந்த?"

அளவு நோட்டைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, எழுந்தும் போகவில்லை. ஸ்டீபன் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான்.

திலீப் அப்போதுதான் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வந்திருந்தான். வெளியே இருந்த டீக்கடையில் மூவரும் நின்றார்கள். மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டீபன் நிமிர்ந்து பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரயில்ல எந்த டப்பா?" என்றான் திலீப்.

"முன்னாடிலேர்ந்து ரெண்டாவது பெட்டி."

"உக்காந்தானா, படுத்தானா?"

"கீழ... கதவுகிட்ட படுத்துக்கினான். சீட்டு இல்ல."

"தண்ணி குடுத்தியா?"

"ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தேன்."

திலீப் தலையாட்டினான். மூவரும் ரயில்வே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அங்கிருந்த ஏட்டு நாளையும் ரயிலையும் கேட்டுக்கொண்டு, வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் போட்டார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார்கள். இடையில் ஸ்டீபனின் போன் அடித்தது. பரசுராமன். யார் மூலமோ விஷயம் எட்டிவிட்டது.

"ஸ்டீபா, எங்க கீற? பைத்தியக்காரத்தனம் பண்ணாத. ஏத்தி வுட்டது நீ. உன் பேருதான் மொதல்ல வரும்."

"வரட்டும்ணே" என்றான் ஸ்டீபன். "அவன் பேரு எங்கயுமே வரலியே."

போனை அணைத்துப் பையில் போட்டான். அப்போதுதான் சோனியா அவன் கையைப் பிடித்தாள்.

பதில் நெல்லூரிலிருந்து வந்தது. அந்த ரயிலிலிருந்து நினைவில்லாமல் ஒருவனை இறக்கியிருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து இறந்திருக்கிறான். யாரும் வராததால் சில நாள் வைத்திருந்து, அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஏட்டு தன் போனில் வந்த படத்தைக் காட்டினார். திலீப் ஒரு பார்வைதான் பார்த்தான். பெஞ்சிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஏட்டு வாய்க்குள் படித்தார். "அடையாளம் தெரியாத ஆண். வயது சுமார் இருபத்தைந்து. இடுப்பிலும் தொடையிலும் தீக்காயம்."

"அடையாளம் தெரியும் சார்" என்றான் ஸ்டீபன். "நான் எழுதிக் குடுக்குறேன்."

ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதுனா உன்மேலயும் கேஸு வரும்பா. காண்ட்ராக்டரோட சேந்து நீயும் நிக்கணும். தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் சார்."

வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. முதல் வரியில், இறந்தவர் பெயர் மனோஜ் ஓராவ் என்று எழுதினான். பிறகு பேனாவை நிறுத்தி, தரையில் இருந்தவன் பக்கம் குனிந்தான்.

"உங்கப்பா பேரு இன்னா திலீப்? ஊரு?"

திலீப் சொன்னான். ஸ்டீபன் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினான்.

"எட்டு நாள் உங்கூட வேலை செஞ்சவன். இதெல்லாம் மொதல்லயே கேட்டு எழுதி வச்சிருக்கலாம்ல?" என்றார் ஏட்டு. அவர் குரலில் அதட்டல் இல்லை. தினமும் இதைப் பார்த்துச் சலித்த குரல் அது.

ஸ்டீபன் நிமிர்ந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இன்னொரு மனிதனின் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

"கேட்டா சொல்லிருப்பான் சார். நாங்க கேக்கல. பேரு எழுதுனா அடிபட்டா வைத்தியம் பாக்கணும், செத்தா பதில் சொல்லணும். அதுக்குப் பயந்துக்கினுதான் பேரு இல்லாமலே வேல வாங்குனோம். எங்கப்பாவுக்கு நடந்ததையே நான் இன்னொருத்தனுக்குப் பண்ணிட்டேன். யாரு, எந்த ஊரு, நோட்டுல பேரு கீதா இல்லியான்னு பாக்க அப்பறம் நேரம் கீது சார். அடிபட்டவன மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடணும். அவ்ளோதான் மனுசன் செய்ய வேண்டியது. அந்த ஒண்ணத்தான் நான் செய்யல. அத்தயும் இதுலயே எழுதுறேன்."